எதிர்காலத்தில் சோறு வடிப்பது யார்?

அறிவியல் புனைகதை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அதிலுள்ள சமையலறையை. விண்கலம் எவ்வளவு வேகத்தில் பறக்கிறது, எந்திர மனிதனுக்கு எத்தனை கண்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான். அந்த உலகத்தில் சோறு யார் வடிக்கிறார்கள், பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது யார், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார் என்று பார்ப்பேன். பெரும்பாலான நூல்களில் இதற்கு விடை இருக்காது. மாத்திரை விழுங்கினால் பசி அடங்கிவிடும் என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அந்த மாத்திரையை வாங்கி, எண்ணி, யாருக்கு எப்போது என்று நினைவில் வைத்து எடுத்துக்கொடுப்பது யார் என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். படிக்கிற நமக்கு யோசிக்காமலே தெரியும்.

நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு தள்ளிப்போய் எல்லாவற்றையும் மாற்றிப்பார்க்கத் துணிகிற ஓர் எழுத்து, வீட்டுக்குள் மட்டும் எதையும் மாற்றாமல் விட்டால் அதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எது மாறும், எது மாறவே மாறாது என்று அந்த எழுத்தாளர் நம்புகிறார் என்பதற்கு அதுவே வாக்குமூலம். அரசுகள் கவிழும், கிரகங்கள் வெடிக்கும், அம்மா மட்டும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

நான் தமிழ் நடத்துவது பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலில். பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கமிருந்து மலையேறி வந்து படிக்கிற பெண்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கப் பாட்டு, சிறுகதை, தன்வரலாறு என்று எதைக் கொடுத்தாலும் தங்கள் வாழ்க்கையை அதற்குள் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். அறிவியல் புனைகதை என்றதும், “அது பசங்க படிக்கிறது மேடம்” என்கிறார்கள். அவர்கள் சொல்வது சோம்பலால் இல்லை. நிலத்தைப்போல எதிர்காலத்தையும் ஆண்பிள்ளை பேருக்கே எழுதிவைத்திருக்கிறோம். கற்பனை செய்வதற்கான உரிமையும் ஒரு சொத்துதான். அதிலும் நமக்குப் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் பங்கைக் கேட்டு எழுதப்படுகிறது. இதில் சொல்பவை என் சொந்த அபிப்பிராயங்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தமிழில் இந்தப் பேச்சை சுஜாதாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது, கணவன் சிபி காணாமல் போகிறான். பெண்ணின் கருப்பையை அரசாங்கம் தன் பதிவேட்டில் ஒரு பத்தியாக வைத்திருப்பதைக் கதையின் வாசலிலேயே நிறுத்தினார் சுஜாதா. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை முகாம்கள் நினைவிலிருந்து மறையாத பத்தாண்டு அது. அந்தக் கூர்மைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஆனால் கதை போகப்போக அறிவு யாரிடம் வளர்கிறது என்று பாருங்கள். ஜீனோ ஓர் இயந்திர நாய். அது புத்தகம் படிக்கிறது, கிண்டல் செய்கிறது, திட்டம் போடுகிறது, தன்னைப் பற்றியே யோசிக்கத் தொடங்குகிறது. நிலாவோ நம்புகிறாள், அழுகிறாள், காப்பாற்றப்படுகிறாள். ஜீவா என்ற ஆளே பொய், அவன் வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவந்த பின், ஆட்சியைப் பிடித்தவர்கள் நிலாவை அரசியாக்குகிறார்கள். அதிகாரம் ரவியிடமும் மனோவிடமும் இருக்கிறது, அரியணையில் நிலா இருக்கிறாள். உள்ளாட்சியில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்தபின் நாம் ஊர் ஊராகப் பார்த்த 'தலைவி நாற்காலியில், தலைவியின் கணவர் மேசைக்கு இந்தப் பக்கம்' என்ற காட்சியைச் சுஜாதா முன்கூட்டியே எழுதிவிட்டார். அதைக் கண்டுபிடித்த கண், நிலாவின் மண்டைக்குள்ளும் கொஞ்சம் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை. இயந்திரத்துக்குச் சிந்தனை வருவதை நம்பும்படி எழுத முடிந்த ஒருவருக்கு, ஒரு பெண்ணுக்குச் சிந்தனை வருவதை எழுதுவது கடினமாகவா இருந்திருக்கும்?

சுஜாதா என்பது அவர் மனைவியின் பெயர் என்பது நாம் அனைவரும் அறிந்தது. ரங்கராஜன் என்ற பொறியாளர் மனைவியின் பெயரை வாங்கிக்கொண்டு தமிழின் மிகப் புகழ்பெற்ற அறிவியல் எழுத்தாளர் ஆனார். இதே காலத்தில் அமெரிக்காவில் இதன் மறுபக்கம் நடந்தது. ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண் பெயரில் எழுதினார். அந்த எழுத்தின் நடை மறுக்கமுடியாதபடி ஆண்மையுடையது என்று ராபர்ட் சில்வர்பெர்க் என்ற பெரிய எழுத்தாளர் 1975இல் அச்சில் வாதாடினார். 1977இல் உண்மை வெளிவந்தது. ஆண் ஒருவர் பெண் பெயரில் எழுதினால் அது புனைபெயர், வாசகர்கள் ரசிப்பார்கள். பெண் ஒருவர் ஆண் பெயரில் எழுதினால் அது உள்ளே நுழைவதற்கான அனுமதிச்சீட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

டிப்ட்ரீயின் 'ஆண்கள் காணாத பெண்கள்' 1973இல் வந்த கதை. விமான விபத்தில் சிக்கிய ஒரு தாயும் மகளும், வேற்றுக் கிரகத்தவர் வந்து இறங்கும்போது, எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டு ஏறிப்போய்விடுகிறார்கள். கதையைச் சொல்கிறவன் ஓர் ஆண். கடைசிவரை அவனுக்குப் புரிவதில்லை. முன்பின் தெரியாத பிராணிகளோடு போகத் துணியுமளவுக்கு இங்கே என்ன குறை என்று யோசிக்கிறான். வகுப்பில் இந்தக் கதையை நான் வாயால் சொன்னபோது விளக்கம் கேட்டவர்கள் யாருமில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் முன்பின் தெரியாத வீட்டுக்குப் பெட்டியோடு போகிறவர்கள்தானே நாம், வேற்றுக் கிரகம் என்ன புதிதா என்று ஒருத்தி சொன்னாள். எந்த ஆய்விதழிலும் இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படிக்கவில்லை.

இனி இந்த மலைக்கு வருகிறேன். கொடைக்கானல் என்றால் ஏரியும் படகும் ஹோம்மேட் சாக்லேட்டும் என்று நினைத்து வருகிறவர்கள் பலருக்கு, இங்கே நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்கும் ஓர் ஆய்வுக்கூடம் இருப்பது தெரியாது. அது பிறந்த காரணம் பசி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நடப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி இந்த மலைக்கு மாற்றப்பட்டது. 1904 முதல் சூரியனின் படங்கள் இங்கே எடுக்கப்படுகின்றன. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே எவர்ஷெட் விளைவு என்று வழங்குகிறது. கண்டது அவர், பெயரும் அவருடையது, அதில் எனக்கு வழக்கில்லை. அதே மலையில் அவர் மனைவி மேரியும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917இல் வெளியானது. கவிஞர் தாந்தேயின் காவியத்தில் உள்ள வானியலைப் பற்றித் தனி நூலே எழுதியவர் மேரி. கவிதைக்கும் வானியலுக்கும் இடையில் பாலம் கட்டிய ஒரு பெண் எங்கள் ஊரில் வாழ்ந்திருக்கிறார். என் மாணவிகள் அவர் பெயரைக் கேட்டதில்லை.

இந்த ஆய்வுக்கூடம் சூரியனைப் படமெடுக்கத் தொடங்கிய மறு ஆண்டு, 1905இல், மலைக்குக் கீழே சென்னையில் இன்னொரு பெண் சூரியனைப் பிடித்தார். 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்று ஒரு பத்திரிகை. நடத்தியவர் கமலா சத்தியநாதன். அதில் வந்தது பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு'. வங்கத்தில் பர்தாவுக்குள் வளர்ந்த, பள்ளிக்கூடம் போகாத பெண், ஆங்கிலத்தில் எழுதிய கதை. பெண்ணியப் புனைவு என்றால் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லாண்ட்' என்று பாடப்புத்தகங்கள் தொடங்குகின்றன. அது 1915. நம் சென்னையில் அச்சான கதை அதற்குப் பத்து ஆண்டு மூத்தது.

ரொக்கேயாவின் பெண்ணுலகத்தில் இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்ளும் வழியைக் காண்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைச் செய்கிறது. ஆண்கள் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டு, இந்த ஆராய்ச்சிகளை உணர்ச்சிவசப்பட்ட கனவு என்று கேலி செய்கிறார்கள். போரில் தோற்று வந்தபின் அவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, சேமித்த சூரிய வெப்பத்தைக் கொண்டே பெண்கள் எதிரியை விரட்டுகிறார்கள். அதன்பிறகு ஆண்கள் வெளியே வரவில்லை. குழந்தை பார்ப்பதும் சமைப்பதும் அவர்கள் வேலை.

என் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்குகிற நூல் இது. ஏனென்றால் இதில் ஒரு சமையலறை இருக்கிறது. தோட்டத்துக்கு நடுவில், கரி இல்லாமல், புகை இல்லாமல், சூரிய வெப்பத்தில் சமைக்கிற அடுப்பு. அதை வந்தவளுக்கு நின்று காட்டுகிறார்கள். விறகு சுமந்த தலையும் ஊதாங்குழல் ஊதி எரிந்த கண்ணும் உள்ளவர்களுக்கே, எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போது புகையில்லாத அடுப்பு முதலில் தோன்றும். பறக்கும் வாகனமும் அந்தக் கதையில் உண்டு, ஆனால் எனக்கு அந்த அடுப்புதான் அறிவியல் புனைகதை. இந்த மலைக்கிராமங்களில் இன்றும் மழைக்காலத்தில் ஈர விறகோடு போராடுகிற பெண்களுக்கு அது இன்னும் எதிர்காலம்.

குறையும் உண்டு. பெண்ணுலகத்துக்கு ஓர் அரசி இருக்கிறார், ஏழைப் பெண் இல்லை. பர்தாவை அவிழ்க்காமல் திருப்பிப் போட்டிருக்கிறார் ரொக்கேயா. சிறை அப்படியே இருக்க உள்ளே இருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். இதை நான் நகைச்சுவையாக வாசிக்கிறேன். ஆண்களை அடைத்துவைப்பது அநியாயம் என்று படிக்கிறவருக்குத் தோன்றினால், பெண்களை அடைத்துவைத்தபோது ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். கதையின் குறும்பு அங்கே இருக்கிறது.

சிறையை வேறு விதமாகக் கையாண்ட ஒரு பெண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறாள். மணிமேகலை. தமிழ் முனைவர் எல்லாவற்றையும் காப்பியத்தில் கொண்டுபோய் முடிப்பார் என்று சிரிக்காதீர்கள். அவளுக்குக் கிடைத்த மூன்று மந்திரங்களைப் பாருங்கள்: வானில் பறக்க, வேற்றுருக் கொள்ள, பசியைத் தாங்க. இடம், உடல், வயிறு. ஒரு பெண்ணைக் கட்டிப்போடுகிற மூன்றும் இவைதானே! துரத்துகிற இளவரசனிடமிருந்து தப்பிக்கக் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். சிறையில் போட்டால் சிறையை அறக்கோட்டமாக்குகிறாள். உள்ளே யாரை அடைப்பது என்று ஆள் மாற்றிக்கொண்டிருக்காமல் கட்டடத்தையே வேறொன்றாக்கியவள்.

உர்சுலா லெகுவின் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதரின் முதல் கருவி ஈட்டியாக இருந்திருக்க வேண்டியதில்லை, சேர்த்து எடுத்துவர உதவிய பையாகவோ கலயமாகவோ இருக்கலாம் என்பது அதன் சாரம். வேட்டைக்காரனின் கதை குத்துவதும் சாய்ப்பதுமாக இருப்பதால் நாம் அதையே கதை என்று பழகிவிட்டோம். பையின் கதையை யாரும் சொல்லவில்லை என்றார். அதைப் படித்தபோது எனக்கு அமுதசுரபி கண்முன் வந்தது. பாத்திரத்தை நாயகமாக்கிய காப்பியம் நம் மொழியில் இருக்கிறது. அறிவியல் புனைகதைக்கு நாம் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அதற்காக மணிமேகலையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. முதல் பிச்சையைக் கற்பில் சிறந்த ஆதிரை இட வேண்டும். பசி தீர்க்கும் கருவிக்கும் கற்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். காயசண்டிகையின் கதை இன்னும் கொடுமை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைத் தெரியாமல் மிதித்துவிட்டதற்காக முனிவன் சாபம் பெற்று, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் தீராப் பசியில் கிடக்கிறாள். நோய் தீர்ந்து ஊருக்குப் பறந்து போகும் வழியில் விந்தமலையைக் காக்கும் தெய்வம் அவளை இழுத்து வயிற்றில் அடக்கிக்கொள்கிறது. தனியாகப் பறந்த பெண் வீடு போய்ச் சேரவில்லை. நம் பழைய கதைகளிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல் பொறுக்காமல் அரிசியை உலையில் போட முடியாது.

ஔவையின் நெல்லிக்கனியும் அப்படித்தான். ஏற முடியாத மலைப்பிளவிலிருந்து எடுத்துவந்த, ஆயுளை நீட்டிக்கும் கனியை, அதன் பயனைச் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு அதியமான் அவளிடம் கொடுத்தான் என்று புறநானூறு பேசுகிறது. கொடைக்கு இலக்கணமாக நாம் அதை நடத்துகிறோம். அறிவியல் புனைகதை படிக்கிற கண்ணோடு பார்த்தால் வேறொரு கேள்வி வருகிறது. நீண்ட காலம் வாழ விருப்பமா என்று யாராவது அவளைக் கேட்டார்களா? நண்பர்கள் எல்லாம் களத்தில் விழ, ஒருத்தி மட்டும் இருந்து பாட வேண்டியிருப்பது வரமா? இப்படி ஒரு கதையை எழுதித் தருவதற்கு என் வகுப்பில் ஆள் இருக்கிறது என்று நம்புகிறேன்.

மொழிக்காரி என்பதால் இலக்கணத்தையும் தொடாமல் இருக்க முடியவில்லை. லெகுவினின் 'இருளின் இடக்கை' 1969இல் வந்தது. அந்தக் கிரகத்தில் யாரும் நிலையாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அரசரே கருவுறலாம். ஆனால் ஆங்கிலத்தில் எல்லோரையும் 'அவன்' என்றே எழுதினார் லெகுவின். அதற்காகப் பெண் வாசகர்கள் அவரோடு பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். பின்னாளில் அவரும் தன் நிலையை மாற்றிக்கொண்டார். தமிழில் 'அவர்' இருக்கிறதே, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். தீராது. 'அவர்' பால் காட்டாது, ஆனால் மரியாதை காட்டும். அரசரும் அவர், சாணி அள்ளுகிறவரும் அவர் என்று ஒரு நாவல் முழுக்க எழுதினால், ஆண் பெண் வேறுபாட்டோடு சாதிப் படிக்கட்டும் அல்லவா சரியும்? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவை 'வாங்க' என்று சொல்லப் பல வீடுகளில் நாக்கு எழவில்லை. ஆங்கிலத்தில் ஒரு புரட்சியாக இருந்த நாவல் தமிழில் இரண்டு புரட்சியாகிவிடும்.

தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்தது. ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் “அந்தப் பொண்ணு வந்துச்சு”, “அது என்ன சொல்லுச்சு” என்கிறோம். பையன் வந்தான், பெண் வந்துச்சு. பாசத்தில் சொல்வதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உயர்திணையிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிடப்பட்டவர்கள் யார் என்று கேட்டால் இயந்திரமும் நாயும் குழந்தையும் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்கிறோம். ஆண்டாளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான பிரியா சாருக்கை சாப்ரியா எழுதிய 'ஜெனரேஷன் 14' நாவலில், எண்ணால் அழைக்கப்படும் ஒரு நகலுயிர்க்குப் பழைய பிறவிகளின் நினைவுகள் வரத் தொடங்குகின்றன. 'அது' என்று இருந்த ஒன்று 'நான்' என்று சொல்லும் இடம் அது. 'நான்' என்ற சொல்லுக்குத் தமிழில் பாலும் இல்லை, திணையும் இல்லை. நம் தன்வரலாறுகள் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கின. நம் அறிவியல் புனைகதையும் அங்கிருந்து தொடங்கலாம்.

மஞ்சுளா பத்மநாபனின் இரண்டு படைப்புகளை இந்த மலையில் உட்கார்ந்து படித்தால் கை நடுங்கும். 'ஹார்வெஸ்ட்' 1997இல் உலகப் பரிசு பெற்ற நாடகம். மும்பையின் ஒற்றை அறை வீட்டுக்குள், பணக்கார நாட்டு ஆள் ஒருவருக்காக உடலுறுப்புகளை விற்க ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது ஒரு குடும்பம். கணவன் கையெழுத்துப் போடுகிறான். மனைவி ஜெயாதான் கடைசியில் மறுக்கிறாள். இது மிகைக் கற்பனை என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட இயந்திரங்களோடு கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை வந்தது. செய்தவை வெளிநாட்டுக்குப் போயின. 2001இல் பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல்கள் முஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் டன் கணக்கில் கிடப்பது தெரியவந்து, ஹிந்துஸ்தான் லீவர் அதை மூடியது. தங்கள் நோய்களுக்குக் காரணம் பாதரசம் என்றார்கள் தொழிலாளர்கள், நிறுவனம் மறுத்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. யாருடைய காய்ச்சலையோ அளக்கும் கருவியை யாருடைய உடலோ செய்துகொடுத்தது. இதைக் கதையாக எழுதினால் எந்த அலமாரியில் வைப்பீர்கள்? அறிவியலும் இருக்கிறது, புனைவு மட்டும் இல்லை.

அவருடைய 'எஸ்கேப்' நாவலில் பெண்களே அழிக்கப்பட்ட ஒரு நாடு. மெய்ஜி என்ற ஒரே ஒரு சிறுமியை மூன்று சித்தப்பன் பெரியப்பன்மார் ஒளித்து வளர்க்கிறார்கள். பருவம் எய்தாதபடி மருந்து கொடுத்துத் தடுக்கிறார்கள். கொல்கிறவர்களிடமிருந்து காப்பாற்றுகிறவர்களும் அவள் உடலுக்குப் பூட்டுப் போட்டே காப்பாற்றுகிறார்கள். பழனி மலைக்கு அந்தப் பக்கம், உசிலம்பட்டி என்ற பெயரை 1980களில் நாடே எதற்காகக் கேட்டது என்று நமக்குத் தெரியும். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கள்ளிப்பாலுக்குத் தப்பிய தலைமுறையின் மகள்கள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மெய்ஜியின் கதை எதிர்கால எச்சரிக்கையாகப் படாது. பாட்டி வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத ஒரு பழைய விஷயமாகவே படும்.

எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசியாக வைத்திருக்கிறேன். வந்தனா சிங் இயற்பியல் படித்தவர். 'தன்னை ஒரு கிரகம் என்று எண்ணிய பெண்' என்ற அவருடைய கதையில், கமலா என்ற நடுத்தர வயது இல்லத்தரசி ஒருநாள் காலை கணவனிடம் தான் ஒரு கிரகம் என்கிறாள். அவள் உடலில் சின்னஞ்சிறு உயிர்கள் குடியிருக்கின்றன. கிரகத்துக்கு எதற்குப் புடவை என்று அவிழ்த்துப்போடப் பார்க்கிறாள். கணவனின் கவலையெல்லாம் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்பது. இறுதியில் அவள் மிதந்து மேலே போய்விடுகிறாள். முதலில் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது, பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த எந்த உடம்பும் ஒரு கிரகமாகத்தானே இருந்திருக்கிறது, அதை அவள் வாய்விட்டுச் சொன்னதைத்தானே பைத்தியம் என்கிறார்கள் என்று தோன்றியது. விண்கலமும் விஞ்ஞானியும் இல்லாமல் நடக்கிற இந்தக் கதையை நான் பத்து விண்வெளிப் போர் நாவல்களுக்கு மேலே வைப்பேன்.

இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கில வழிப் பள்ளிக்குப் போக வாய்த்த பெண்ணுக்கு மட்டும் எதிர்காலம் கிடைத்தால் போதாது. மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கதையை எடுத்துக்கொள்ளலாம். கிரகத்துப் பெண்ணும், டிப்ட்ரீயின் தாயும் மகளும், ரொக்கேயாவின் அடுப்பும் முதலில் வரட்டும்.

படிப்பதோடு நிற்காமல் எழுதவும் வேண்டும். குறிஞ்சி இந்த மலையில் 2018இல் பூத்தது; இனி 2030இல் பூக்கும். பன்னிரண்டு ஆண்டை ஒரு பூவால் எண்ணுகிற மலையில் இருந்துகொண்டு எதிர்காலத்தைக் கற்பனை செய்யக் கடிகாரமோ கணிப்பொறியோ தேவையில்லை. அந்தப் பூ பூக்கிற ஆண்டில் எனக்கு என்ன வயதாகியிருக்கும், நான் எந்த வீட்டில் இருப்பேன், அந்த வீட்டில் அடுப்பை யார் பற்றவைப்பார்கள், இந்தச் சோலைக்காட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கும், பளியர் பெண்கள் தேனெடுக்க எங்கே போவார்கள் என்று எழுதிப்பாருங்கள். ஒரு பக்கம் போதும். ராக்கெட் வராவிட்டால் பரவாயில்லை. சோறு வடிப்பவர் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.